மாசிக் கயிறு

மாதவியை நாம் விட்டுவந்தபோது அவள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், சாமி அலமாரிக்கு முன்னால், கழற்றிய தாலிச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். கதவுப் பக்கம் மலர் நின்றிருந்தாள். இருவரும் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள். மலரின் பார்வை அப்படி. மாட்டிக்கொண்டால் லேசில் விடாது.

மலர் யார் என்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாதவியின் கணவன் குகனுக்கு அவள் அண்ணி. கிள்ளானில் கணவன் லோகனோடு மசாலா மில் நடத்துகிறவள். குகன், மாதவி இருவரின் மகள் ஹேமாவுக்கு இருமல் என்று கேட்டதும் கொமுட்டர் ரயிலேறி வந்து, நேற்றிலிருந்து பிள்ளையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். நல்லவள்தான். ஆனால் நல்லவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் கெட்டவர்களைவிட அதிகமாகக் குடைவார்கள்.

"வேலைக்குப் போறதுக்கு சீல மாத்துவாங்க, செருப்பு மாத்துவாங்க. தாலிய கழட்டி வச்சிட்டுப் போறவள இப்பதான்மா பாக்குறேன்."

"அக்கா, எத்தன வாட்டி சொல்றது? எங்க லேப்புல தங்கம், வெள்ளி, ஊசி, பின்னு ஒண்ணும் போட்டுக்கிட்டு உள்ள போகக்கூடாது. ரூல்ஸ்."

"பொட்டு?"

"பொட்டும்தான். திருநீறும்தான். முகத்த கழுவிட்டுத்தான் போவோம்."

"ஓஹோ." மலர் அந்த ஓஹோவை நீட்டிய நீட்டில் கிள்ளானுக்கே போய்த் திரும்பலாம். "ஒன் பாஸு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. கூட வேல செய்யிற கால்வினும் வேதக்காரன். தாலி வேணாம், பொட்டு வேணாம், திருநீறு வேணாம். நான் ஒண்ணும் சொல்லல. தம்பிக்கு இதெல்லாம் தெரியுமான்னுதான் கேக்குறேன்."

குளியலறைக்குள்ளிருந்து குகனின் குரல் வந்தது. "எல்லாம் தெரியும் அண்ணி! யாராச்சும் என் டவல எடுத்துக் குடுங்க!"

மாதவிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அலமாரியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து, மலர் பார்க்கவே கழுத்தில் கட்டினாள். நடுவில் ஒரு மஞ்சள் துண்டு.

"வெறுங்கழுத்தாவா போறேன்? நல்லா பாருங்க. நீங்க கொண்டாந்த கயிறுதான். நீங்க குடுத்த தூள்லதான் நனைச்சுக் கட்டுறேன்."

அது உண்மை. மாசி பிறந்த கையோடு மலரே புதுக் கயிறும் ஒரு பொட்டலம் மஞ்சள்தூளும் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். "மாசிக் கயிறு பாசி படியும்மா, மாத்திக் கட்டு. கடையில விக்கிற கண்ட தூளப் போடாத. இது நம்ம மில்லு சாமான்," என்று சொல்லித்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் தங்கத் தாலி சாமி காலடியில் இருக்கும், மஞ்சள் கயிறு மாதவியின் கழுத்தில் ஏறும். மாலையில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ஆய்வுக்கூட விதியில் உலோகம் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாமியையும் வேலையையும் ஒரே கழுத்தில் அவள் இப்படித்தான் சண்டையில்லாமல் வைத்திருந்தாள்.

மலரின் முகம் கொஞ்சம் இளகியது. கொஞ்சம்தான்.

"சரி, போய்ட்டு வா. புள்ளைய நான் பாத்துக்குறேன். ஒன் இங்கிலீஸ் மருந்துக்கெல்லாம் அடங்காத இருமலு இது. எங்கிட்ட வைத்தியம் இருக்கு."

மாதவி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் தலைக்குள் வேறொரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது.

*

மாதவி காரீயத்தைத் தேடுகிறவள். பங்சார் பக்கமிருக்கும் ஆய்வுக்கூடத்தில் அதுதான் அவள் வேலை. கிள்ளான் வட்டாரத்துச் சின்னப் பிள்ளைகள் சிலரின் இரத்தத்தில் காரீயம் இருக்கிறது என்று ஒரு சந்தேகம். அது எங்கிருந்து வந்தது? பழைய பெயிண்டா, பேட்டரியா, தொழிற்சாலைப் புகையா? காரீயம் உடம்புக்குள் போனால் சத்தம் போடாது. பிள்ளையின் மூளையை மெல்ல மந்தமாக்கும். அவ்வளவு பொல்லாத சாமான்.

தேடுகிற இடத்திலேயே இப்போது கோளாறு. இரத்தக் குழாய்களோடு ஒரு குழாயில் வெறும் சுத்தத் தண்ணீரையும் வைப்பார்கள். அதற்குப் பெயர் பிளாங்க். அதில் காரீயம் பூஜ்ஜியம் என்று வரவேண்டும். மூன்று வாரமாக வரவில்லை. தண்ணீரிலேயே காரீயம் தெரிந்தால் பிள்ளைகளின் இரத்தத்தில் தெரிவதை யார் நம்புவார்கள்? யாரோ வெளியிலிருந்து அழுக்கை உள்ளே கொண்டுவருகிறார்கள்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும் டாக்டர்," என்று ஆய்வுக்கூடத் தலைவர் கிரிகரி நேற்றே சொல்லிவிட்டார். "இல்லன்னா மொத்த சாம்பிளையும் தூக்கிப் போட்டுட்டு, அந்தப் புள்ளைங்க கைய மறுபடியும் குத்தணும். ஆளுதான் காரணம்னா, ஆளோட பேரு வேணும்."

மாதவியின் மனதில் ஒரே ஒரு பெயர்தான். கால்வின்.

கால்வின் காரீயத்தை அளக்கிற இயந்திரத்தை ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஆறு மாதம், ஒப்பந்த வேலை. பெயர் கெட்டால் வேலையும் போகும். அது மாதவிக்குத் தெரியும். தெரிந்தும் சந்தேகம் விடவில்லை. சாம்பல் புதன் அன்று காலையில் அவன் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள். அந்த வாரம்தான் பிளாங்க் கெட்டது. நான் தினமும் திருநீற்றை அழித்துவிட்டு வருகிறேன், இவன் மட்டும் சாமியை நெற்றியில் சுமந்துகொண்டு வருவானா என்று அவளுக்கு உள்ளே புகைந்தது. அதில் பொறாமையும் கொஞ்சம் இருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டாம்.

அவன் தே ஓ என்கிற பாலில்லாத் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து, உடை மாற்றும் அறையில் அவனுடைய லாக்கரைத் திறந்தாள். பூட்டில்லை. பூட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை போலும். உள்ளே கருப்புக் கறை படிந்த கைக்குட்டை இருந்தது. நெற்றிச் சாம்பலைத் துடைத்த கறை. கதவின் உட்பக்கம் காய்ந்துபோன குருத்தோலைச் சிலுவை ஒட்டியிருந்தது.

புதுக் கையுறை மாட்டி, பஞ்சுக் குச்சியால் இரண்டையும் துடைத்து, இரண்டு குழாயில் போட்டு மூடினாள்.

"என்னா தேடுறீங்க டாக்டர்?"

கிரிகரி வாசலில் நின்றிருந்தார். மாதவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் மழுப்பவில்லை.

"கால்வினோட சாம்பல. எனக்கு அவன் மேலதான் சந்தேகம்."

"சாம்பல் புதன் அன்னைக்குக் காலையிலேயே நானும் கோயிலுக்குப் போய்ட்டுத்தான் வந்தேன். என் நெத்தியிலயும் இருந்துச்சே. என் லாக்கர தொறந்து பாத்தீங்களா?"

அன்று பாஸின் நெற்றி அவள் கண்ணில் படவே இல்லை.

"அவன் கழுவிட்டுத்தான் உள்ள போனான். நான் பாத்தேன்," என்றார் கிரிகரி. "ஆனா நான் சொல்றத நம்பாதீங்க. நானும் வேதக்காரன், அவன் பக்கம்தான் பேசுவேன்னு நீங்க நெனைக்கலாம்."

அதைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா சார்? காலையில முட்டி போட்டுக் கும்பிடுறது, எட்டு மணிக்கு வந்து எதையும் நம்பாதேங்குறது?"

"கோயில்ல நம்பினா புண்ணியம். இங்க நம்பினா சம்பளத்த நிறுத்திடுவாங்க." தம் சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து அவளிடம் நீட்டினார். "இத லாக்கர்ல வச்சிட்டுத்தான் தினமும் உள்ள போறேன். மாதா இதுவரைக்கும் கோவிச்சுக்கல. இதையும் தொடச்சு எடுங்க. என்னையும் சேத்துக்குங்க."

மூன்றாவது குழாய் அது. எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அழுக்கில்லாத ஒன்று வேண்டும். தினமும் பொட்டையும் திருநீற்றையும் தங்கத்தையும் துறந்துவிட்டு வருகிற தன்னைவிடச் சுத்தமான ஆள் இந்தக் கட்டிடத்தில் யார் என்று மாதவி நினைத்தாள். தன் வெள்ளை கவுனின் கழுத்துப் பட்டையைத் துடைத்து நாலாவது குழாயில் போட்டாள்.

"குழாய நீங்களும் தொடவேணாம், அவனும் தொடவேணாம். நானே ரெடி பண்றேன்," என்று கிரிகரி வாங்கிக்கொண்டார். "பேரு வேணாம். நம்பர் மட்டும் போதும்."

*

மத்தியானம் கால்வின் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு குழாயாக ஓட்டினான். என்ன குழாய், யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. அவன் முதுகுக்குப் பின்னால் கிரிகரியும் மாதவியும் நின்றார்கள்.

"பிளாங்க்... பூஜ்ஜியம்!" அவன் நாற்காலியோடு திரும்பினான். "டாக்டர், பூஜ்ஜியம்லா! மூணு வாரத்துல மொத வாட்டி! பாஸ், நீங்க ரெடி பண்ணா மட்டும் எப்படி பாஸ் வருது?"

மாதவி கிரிகரியைப் பார்த்தாள். இத்தனை நாளும் பிளாங்க் தயார் செய்தது அவள்தான்.

"ஒண்ணாம் நம்பர், ஓகே. ஒண்ணுமில்ல. ரெண்டு, ஓகே. மூணு, ஓகே."

கைக்குட்டை சுத்தம். குருத்தோலை சுத்தம். ஜெபமாலை சுத்தம். மாதவியின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. பதற்றம் வந்தால் அவளுக்கு அதுதான் பழக்கம்.

"அம்மாடியோவ்!" என்று கத்தினான் கால்வின். "இது என்னா இது? நாலாம் நம்பர்ல காரீயம் எகிறுது. குரோமியமும் கூடவே எகிறுது. டாக்டர், இந்த நாலாம் நம்பர் யாரா இருந்தாலும், அந்த ஆளுதான் நம்மள மூணு வாரமா ஆட்டி வச்ச பேயி!"

சிரித்துக்கொண்டே கேட்டான்: "யாரு டாக்டர் அது?"

"நான்," என்றாள் மாதவி.

அவன் இன்னும் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

மாதவி தன் விரலைப் பார்த்தாள். நுனியில் மஞ்சள். காரீயமும் குரோமியமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நிறம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பளிச்சென்ற மஞ்சள். பெயிண்டில் போடுகிற சாயம். மட்டமான மஞ்சளை மினுக்கிக் காட்ட அதைத் தூளில் கலக்கிற அயோக்கியர்களும் உலகத்தில் உண்டு என்று அவளே ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். அப்போது கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டித்தான் பேசினாள்.

ஒவ்வொரு முறையும் குழாயில் கைவைப்பதற்கு முன்னால் அவள் கையுறை போட்ட விரலைக் கவுன் பட்டைக்குள் விட்டு, கயிற்று முடிச்சைத் தொட்டு, தாயே, இன்றைக்காவது பிளாங்க் சுத்தமாக வரணும் என்று வேண்டிக்கொள்வாள். அதே விரலால்தான் குழாயைத் திறப்பாள். கெடக் கெட இன்னும் உருக்கமாக வேண்டினாள். வேண்ட வேண்ட இன்னும் கெட்டது. அவளுக்கு அழுகை வந்தது. சாமி மேல் கோபம் வந்தது. பிறகு சாமி என்ன செய்யும், தொட்டது நான்தானே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"கயிற டெஸ்ட் பண்ணணும்," என்றாள். "ஆனா... இத அவுக்கணும் சார். வீட்டுல தாலிய எடுத்துப் போட்டுக்கிட்டு அவுக்குறது வேற. இங்க..."

கிரிகரிக்குப் புரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவரைப் பார்த்துக் கால்வினும் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினான். கணவன் உயிரோடிருக்கும்போது ஒரு பெண் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கிறாள். அதை யாரும் பார்க்கக் கூடாது. அதை அந்த இருவருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாதவி கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். சட்டென்று கையைத் தள்ளிப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினாள்.

"திரும்புங்க."

கால்வின் திரும்பினான். "ஒண்ணும் ரெண்டும் என்னோடதா டாக்டர்?"

"ஆமா. ஒன் லாக்கர தொறந்தேன். மன்னிச்சிடு கால்வின்."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்லா." அவனுக்கு வலித்தது, அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. "என் சாமி மேல சந்தேகப்பட்டா பரவால்ல. நான் கைய கழுவலன்னு நெனச்சிட்டீங்க பாருங்க, அதான்."

மாதவி கயிறு இருந்த பையின் வாயை இன்னொரு முறை அழுத்தி மூடினாள்.

"சரி, விடுங்க," என்றான் அவனே. "கயிறு நனைச்ச தூளு எங்க இருக்கு? வீட்டுலயா? யாரும் சமையலுக்குப் போட்டுறாம பாத்துக்குங்க."

அப்போதுதான் அவளுக்கு ஹேமாவின் இருமலும் காலையில் மலர் சொன்னதும் நினைவுக்கு வந்தன. எங்கிட்ட வைத்தியம் இருக்கு.

மலர் போனை எடுக்கவில்லை. மாதவி ஓடினாள்.

*

கதவைத் திறந்த மலரின் கண் முதலில் போனது மாதவியின் கழுத்துக்குத்தான்.

"கயிறு எங்க?"

"அக்கா, அந்த மஞ்சத்தூளு எங்க?"

"நான் கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லு. காலையில கயிறோட போனவ வெறுங்கழுத்தா வந்து நிக்கிற. எனக்கு அப்பவே தெரியும். எந்த சர்ச்சுல போய் முழுக்குப் போட்டுட்டு வந்த?"

"அம்மா!" உள்ளேயிருந்து ஹேமா ஓடிவந்தாள். கையில் காலி தம்ளர். மேலுதட்டில் மஞ்சள் மீசை. "நான் ஃபுல்லா குடிச்சிட்டேன்! பெரியம்மா மஞ்சப்பால் குடுத்தாங்க!"

மாதவி அப்படியே தரையில் உட்கார்ந்து பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பால் அந்த மஞ்சள் மீசையைத் துடைத்தாள். துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தன வாட்டி குடுத்தீங்க அக்கா?"

"நேத்து ரெண்டு வேள, இன்னைக்கு ரெண்டு வேள. அதுக்கு ஏன் இப்படிப் பாக்குற?"

"அந்தத் தூள்ல காரீயம் இருக்கு. விஷம் அக்கா. லேப்புல பாத்துட்டேன். என் கயிறுலயே இருக்கு."

மலர் முகம் கறுத்தது. இத்தனை வருஷம் மில்லில் நின்ற பெண் அவள். தும்மித் தும்மி அரைத்த குடும்பம்.

"எங்க சாமான்ல விஷமா? தாலிய கழட்டுனதுக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்கு எங்க மில்லு மேல பழி போடுறியா? நல்லா இருக்குடி ஒன் படிப்பு!"

விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மாதவி தடுப்பதற்குள் ஒரு கரண்டித் தூளை அள்ளித் தன் வாயில் போட்டு விழுங்கினாள்.

"பாரு! திங்குறேன். நல்லா பாரு! விஷம்னா நான் இப்ப சாவணும்!"

அந்த நொடியில் மாதவிக்கு மலர் மேலிருந்த சந்தேகம் போய்விட்டது. தெரிந்து செய்கிறவள் இப்படித் தின்னமாட்டாள். பாவம், இவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியென்றால் யாருக்குத் தெரியும்?

"அக்கா, துப்புங்க. தண்ணி குடிங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"மாட்டேன். இரு, இப்பவே ஒங்க மாமாகிட்ட கேக்குறேன்." மலர் போனைத் தட்டி, சத்தமாக வைத்தாள். "ஏங்க! ஒங்க தம்பி பொண்டாட்டி சொல்றா, நம்ம மஞ்சள்ல காரீயம் இருக்காம்! டெஸ்ட்டுல தெரிஞ்சிருச்சாம்! நீங்களே அவகிட்ட சொல்லுங்க!"

மறுமுனையில் மில் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. லோகன் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும்.

"மலரு."

"சொல்லுங்க."

"நீ எந்த டின்னுலேர்ந்து எடுத்துட்டுப் போன?"

"எந்த டின்னா? கடைக்குப் போடுற பெரிய டின்னுதான். ஏன்?"

"ஐயோ, நம்ம வீட்டுக்குன்னு மேல் தட்டுல தனியா வச்சிருக்கேனே, அத எடுத்திருக்கக்கூடாதா..."

மலரின் உதடெல்லாம் மஞ்சளாக இருந்தது. அவள் ஹேமாவைப் பார்த்தாள், மாதவியின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள், கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

"தனியா எதுக்குங்க வச்சீங்க?" என்று கேட்டாள்.